கேமிங் கணினிக்கு ஆன்டிவைரஸ்: அணைக்கத் தோன்றாத ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி

போன ஜூன் விடுமுறையில் ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு, இங்கே சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து அக்கா மகன் அழைத்தான். "மாமா, என் கேம் கணக்கு போச்சு, பாஸ்வேர்டை மாத்திட்டாங்க, மெயிலும் திறக்க மாட்டேங்குது." அழுகையை அடக்கிக்கொண்டு பேசினான். நடந்தது இதுதான். கூட விளையாடும் நண்பன் ஒருவன் அரட்டையில் வந்து, "நான் ஒரு கேம் செஞ்சிருக்கேன், ஆடிப் பார்த்துச் சொல்லு" என்று ஒரு கோப்பை அனுப்பியிருக்கிறான். அந்த நண்பனுடைய கணக்கே அதற்கு முந்தைய நாள் களவு போயிருந்தது இவனுக்குத் தெரியாது. வந்தது பாஸ்வேர்டு போட்ட ஜிப் கோப்பு. பிரித்தவுடன் ஆன்டிவைரஸ் கத்தியிருக்கிறது. "அது சும்மா கத்தும், அஞ்சு நிமிஷம் ஆஃப் பண்ணு" என்று மறுமுனையிலிருந்து பதில் வர, இவனும் அணைத்துவிட்டான்.

அணைப்பது அவனுக்குப் புதிதல்ல. கேம் திணறுகிறது என்று தினமும் சாயங்காலம் அதை அணைத்து வைப்பதுதான் வழக்கமாம். அந்த ஆன்டிவைரஸுக்கு அக்கா வருடா வருடம் வெள்ளி கட்டிக்கொண்டிருந்தார்! காவல்காரருக்குச் சம்பளமும் கொடுத்து, திருடன் வரும் நேரத்தில் அவரைத் தேநீர் குடிக்க அனுப்பி வைத்த கதை.

அன்றிலிருந்து யாராவது "கேமிங் கணினிக்கு எந்த ஆன்டிவைரஸ் நல்லது?" என்று கேட்டால் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: விளையாடுகிறவர் எதை அணைக்காமல் வைத்திருப்பார்? திணறல், நடுவில் குதிக்கும் அறிவிப்பு, நல்ல கோப்பைப் போய்ப் பிடிப்பது, இந்த மூன்றும் சேர்ந்தால் எவ்வளவு உயர்ந்த மென்பொருளும் ஒரு வாரத்தில் அணைக்கப்பட்டுவிடும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்த மூன்றையும் குறைப்பதற்குத்தான்.

முதல் படி: உங்கள் கணினிக்குள் என்னென்ன வருகிறது?

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள். ஸ்டீம், எபிக் போன்ற கடைகளிலிருந்து மட்டும் கேம் இறக்குகிறீர்களா? கேமை மாற்றியமைக்க மற்ற ஆட்டக்காரர்கள் எழுதிய மோட் போடுகிறீர்களா? ஏமாற்றி ஆட உதவும் சீட், டிரெய்னர், காசு கொடுக்காமல் ஆடப் பூட்டை உடைத்த கிராக் கேம் இவையெல்லாம் வருகின்றனவா? அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கிறீர்களா, வீட்டில் யாராவது அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸில் நுழைகிறார்களா, தம்பி தங்கை பள்ளி வேலை செய்கிறார்களா?

கடையிலிருந்து மட்டும் இறக்குபவருக்கு ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. 2025 பிப்ரவரியில் பைரேட்ஃபை என்ற ஒரு இலவச கேம் ஸ்டீமிலேயே வந்திருந்தது, அதற்குள் தகவல் திருடும் நிரல் இருந்தது தெரிந்ததும் ஸ்டீமை நடத்தும் வால்வ் அதை நீக்கி, இறக்கியவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. மோட் போடுபவருக்கு ஆபத்து ஒரு படி கூடுதல். 2023 ஜூனில் ஃபிராக்சரைசர் என்று பெயர் வாங்கிய நச்சு நிரல், மைன்கிராஃப்ட் மோட்கள் வழியாக, அதுவும் கர்ஸ்ஃபோர்ஜ் போன்ற எல்லோரும் நம்பும் தளத்தின் வழியாகவே பரவியது. சீட், கிராக் பக்கம் போகிறவருக்கு என்ன சொல்வது... "முதலில் ஆன்டிவைரஸை அணைத்துவிடு" என்று குறிப்பெழுதிக் கொடுக்கும் ஒரு பொருளைப் பாதுகாப்பாக ஓட்ட வழி கிடையாது. அந்தப் பழக்கத்தை விடாதவருக்கு எந்த மென்பொருளும் உதவாது, நேராகவே சொல்லிவிடுகிறேன்.

இந்தத் திருடு நிரல்களுக்குப் பழைய வைரஸ் மாதிரி கணினியைக் கெடுக்கும் ஆசையெல்லாம் இல்லை. உலாவியில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள், நீங்கள் ஏற்கெனவே நுழைந்திருக்கிறீர்கள் என்று தளத்துக்குச் சொல்லும் குக்கிகள், கிரிப்டோ பணப்பை, கேம் கடையின் நுழைவுத் தகவல், இவற்றை அள்ளி அனுப்பிவிட்டுப் பல சமயம் தானாகவே மறைந்துவிடும். வேலை முடிய ஒரு நிமிடம்கூட ஆகாது. "அஞ்சு நிமிஷம் ஆஃப் பண்ணு" என்பதில் நாலு நிமிடம் உபரி. குக்கியே போய்விட்டால் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் பல இடங்களில் தாண்டப்பட்டுவிடும், ஏனென்றால் தளத்தின் கண்ணில் அது நீங்கள்தான்.

இரண்டாம் படி: ஏற்கெனவே உள்ளே என்ன இருக்கிறது?

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து வைரஸ் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போங்கள். இப்போது யார் காவல் காக்கிறார்கள் என்று அங்கே தெரியும். கடையில் வாங்கிய லேப்டாப் என்றால் அநேகமாக 30 நாள் சோதனைப் பதிப்பு ஒன்று ஏற்றப்பட்டிருக்கும். அது காலாவதியான பிறகும் மூலையில் உட்கார்ந்து "புதுப்பியுங்கள், ஆபத்து!" என்று பயமுறுத்திக்கொண்டே இருக்கும். தேவையில்லை என்றால் உடனே நீக்குங்கள், வழக்கமான முறையில் நீக்கியும் மிச்சம் இருந்தால் அந்தந்த நிறுவனம் தரும் நீக்கும் கருவியை ஓட்டிக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். சிம் லிம் சதுக்கத்தில் பாகம் பாகமாக வாங்கி நீங்களே கட்டிய கணினி என்றால் இந்தத் தொல்லை இல்லை, விண்டோஸோடு இலவசமாகவே வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் மட்டும்தான் இருக்கும்.

வேறொரு ஆன்டிவைரஸை ஏற்றினால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில் முழுக் காவல் காத்தால் இரட்டிப்புப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரே கோப்பை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பிடித்து இழுப்பார்கள், கேம் நடுவில் மாட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

இன்னும் விண்டோஸ் 10-இல் இருந்தால் ஒரு வார்த்தை. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-இல் டிஃபெண்டருக்கான நச்சு நிரல் அடையாளப் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது, வீட்டுப் பயனர்களுக்கான கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓட்டைகளை அடைக்கும் புதுப்பிப்பும் உண்டு. சேராவிட்டால் பட்டியல் புதிதாக இருக்கும், சுவரில் ஓட்டை அப்படியே இருக்கும். அந்த நிலையில் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்குவதைவிட விண்டோஸ் 11-க்கு மாற முடியுமா என்று முதலில் பாருங்கள்.

மூன்றாம் படி: பரிசோதனை முடிவுகளைப் படிப்பது

யூடியூபில் ஒருவர் "இதுதான் நம்பர் ஒன்" என்றால் விவரணைப் பெட்டியில் தள்ளுபடி இணைப்பு இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். நான் பார்ப்பது இரண்டு ஆய்வுக்கூடங்களை: ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் இருக்கும் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் இருக்கும் ஏவி-கம்பேரட்டிவ்ஸ். முதலாவது பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு வசதி என்று மூன்று தலைப்பில் தலா 6 புள்ளி, மொத்தம் 18 கொடுக்கும். முன்னணியில் இருப்பவை எல்லாம் 17, 18 என்று ஒட்டி நிற்கும், டிஃபெண்டரும் பல வருடங்களாக அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே 18-க்கும் 17.5-க்கும் இடையில் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

விளையாடுகிறவர் கவனிக்க வேண்டிய எண் வேறு: நல்ல கோப்பை நச்சு என்று தவறாகப் பிடித்த எண்ணிக்கை. சின்ன நிறுவனங்களின் கேம், மோட் கருவி, திரைமேல் எண்களைக் காட்டும் மென்பொருள் இவையெல்லாம் உலகத்தில் கொஞ்சம் பேரிடம் மட்டும் இருப்பவை. தெரியாத கோப்பு என்றாலே சந்தேகப்படும் ஆன்டிவைரஸ் இவற்றைத்தான் முதலில் பிடிக்கும். நாலு முறை தப்பாகக் கத்தினால் ஐந்தாவது முறை உண்மையாகவே கத்தும்போது யார் கேட்பார்கள்? அக்கா மகன் கேட்கவில்லையே.

"வேகம்" என்ற தலைப்பின் கீழ் அவர்கள் அளப்பது கோப்பு நகலெடுப்பது, மென்பொருள் நிறுவுவது, செயலி திறப்பது, இணையப் பக்கம் திறப்பது போன்றவற்றை. உங்கள் ஆட்டத்தில் நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற ஃபிரேம் எண்ணிக்கையை அல்ல. அதை நீங்கள்தான் அளக்க வேண்டும், ஐந்தாம் படியில் வருகிறது.

நான்காம் படி: "கேமிங்" என்று பெட்டியில் போட்டிருப்பதற்கு என்ன அர்த்தம்

பிட்டிஃபெண்டரில் கேம் புரொஃபைல், ஈசெட்டில் கேமர் மோட், நார்ட்டனில் கேமர்களுக்கென்றே தனிப் பதிப்பு. பெயர் எதுவானாலும் முக்கியமான வேலை ஒன்றுதான்: முழுத்திரையில் கேம் ஓடும்போது அறிவிப்பைத் தடுப்பது, நேரம் குறித்த ஸ்கேனையும் புதுப்பிப்பையும் தள்ளிப்போடுவது. நார்ட்டன் போன்றவை இதோடு மற்ற நிரல்களைக் கணினிச் சிப்பின் சில கோர்களுக்குள் ஒதுக்கிவிட்டு மீதியை கேமுக்குக் கொடுக்கும். பின்னணியில் ஏகப்பட்டது ஓடும் கணினியில் இதனால் கொஞ்சம் பலன் கிடைக்கலாம். சுத்தமாக வைத்திருக்கும் கணினியில் ஃபிரேம் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஆன்டிவைரஸ் எதுவும் கேமை வேகமாக்காது, குறைவாகத் தொந்தரவு செய்வதுதான் அதனால் முடிந்தது. விண்டோஸிலேயே இருக்கும் கேம் மோடும் தொந்தரவு செய்யாதே வசதியும் இதில் பாதியை இலவசமாகச் செய்கின்றன.

கூட வரும் விபிஎன், அதாவது உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு சேவையகம் வழியாக அனுப்பும் வசதி பற்றி. சிங்கப்பூரில் இருப்பது நமக்கு அதிர்ஷ்டம், தென்கிழக்காசியாவுக்கான கேம் சேவையகங்கள் பல இங்கேயே இருக்கின்றன, சேவையகத்துக்குப் போய்வர ஆகும் நேரமான பிங் ஒற்றை இலக்க மில்லிவிநாடியில் வரும். அப்படியிருக்க, தொகுப்பில் வந்த விபிஎன்னைத் தானாக இயங்கவிட்டு அது தோக்கியோ வழியாகச் சுற்றிப் போனால் பிங் எகிறும், பிறகு இணையச் சேவை நிறுவனத்தைத் திட்டுவோம். விபிஎன் இருக்கட்டும், தானாகத் தொடங்குவதை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

ஐந்தாம் படி: உங்கள் கணினியில் அளந்து பாருங்கள்

இதைத்தான் யாரும் செய்வதில்லை. எல்லா நிறுவனமும் 30 நாள் இலவசமாகத் தருகிறதோ இல்லையோ, சோதனைக் காலம் என்று ஒன்றாவது தரும். ஃபிரேம்களை அளக்கும் கேப்ஃபிரேம்எக்ஸ் என்ற இலவசக் கருவியை ஏற்றுங்கள். உள்ளேயே பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனை இருக்கும் ஒரு கேமை எடுத்து, டிஃபெண்டரோடு மூன்று முறை, புது ஆன்டிவைரஸோடு மூன்று முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், படம் வரையும் நிரலான ஷேடர் தயாராகும் நேரம் அது. அறை வெப்பமும் ஒரே மாதிரி இருக்கட்டும், மதியம் ஜன்னலைத் திறந்து வைத்து ஒன்றையும் இரவில் குளிரூட்டியில் ஒன்றையும் அளந்தால் நம்ம ஊர் வெயிலைத்தான் அளந்திருப்பீர்கள்.

பார்க்க வேண்டியது சராசரி ஃபிரேம் அல்ல. சராசரி 140-ஆகவே இருக்கும், ஆனால் ஆட்டம் வெட்டி வெட்டிப் போகும். மிக மெதுவான 1% ஃபிரேம்களின் எண்ணைப் பாருங்கள், திணறல் அங்கேதான் தெரியும். பெரும்பாலும் வித்தியாசம் அளவீட்டுப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். ஏனென்றால் ஆன்டிவைரஸ் வேலை செய்வது கோப்பு திறக்கப்படும்போது, கேம் ஓடத் தொடங்கிய பிறகு வேண்டியது பெரும்பாலும் நினைவகத்தில் இருக்கிறது. வித்தியாசம் உறைக்கும் இடங்கள் வேறு: நூற்றுக்கணக்கான மோட் போட்ட மைன்கிராஃப்ட் திறப்பது, ஸ்டீம் பெரிய புதுப்பிப்பை இறக்கி விரிப்பது, பரந்த உலகத்தில் ஓடிக்கொண்டே புதுப்புதுக் கோப்புகளை இழுக்கும் கேம்கள், பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் கேம்கள். உங்கள் ஆட்டம் அந்த வகையா என்று பார்த்து அதையே அளங்கள்.

ஆறாம் படி: கம்பெனியின் பூர்வீகம்

ஆன்டிவைரஸுக்கு உங்கள் கணினியில் எங்கும் நுழைய அனுமதி இருக்கிறது. அப்படிப்பட்டவரை வீட்டுக்குள் விடும் முன் கொஞ்சம் விசாரிக்கத்தானே வேண்டும். அவாஸ்ட், ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் வழியாகப் பயனர்களின் உலாவல் தரவை விற்றது, அதற்காக 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 16.5 மில்லியன் அமெரிக்க டாலர் கட்ட வைத்தது. நார்ட்டன் 2021-இல் கிரிப்டோ தோண்டும் வசதியைத் தன் தொகுப்பில் சேர்த்து முகம் சுளிக்க வைத்தது, கிராஃபிக்ஸ் அட்டையைக் குறி வைத்த வசதி என்பதால் கேமர்களுக்கு எரிச்சல் இன்னும் அதிகம். இன்று நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா நான்கும் ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில். நான்கையும் ஒப்பிட்டுத் தேர்வு செய்துவிட்டோம் என்று பெருமைப்படும்போது இது நினைவிருக்கட்டும். ரஷ்ய ஆன்டிவைரஸான காஸ்பர்ஸ்கியை அமெரிக்கா 2024-இல் தடை செய்தது. அது அமெரிக்காவின் சட்டம், நம்மைக் கட்டுப்படுத்தாது, பரிசோதனைகளில் அதன் மதிப்பெண்ணும் நன்றாகவே இருக்கும். வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் மனத்திருப்தி.

ஏழாம் படி: ஆன்டி-சீட்டோடு ஒத்துப்போகிறதா

வேலோரண்ட் கேமின் வேன்கார்ட் போன்ற ஆன்டி-சீட்கள், அதாவது ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிக்கும் நிரல்கள், விண்டோஸின் அடி ஆழமான கெர்னல் மட்டத்தில் ஓடுபவை, ஆன்டிவைரஸும் அங்கேதான் இருக்கிறது. ஒரே சமையலறையில் இரண்டு சமையல்காரர்கள். மோதினால் கேம் திறக்காது, மோசமானால் நீலத்திரை. கெர்னலில் ஒரு கோளாறு நடந்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான புதுப்பிப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கி, சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் கையால் எழுதிப் பயணிகளைப் பதிவு செய்யும் நிலைக்குக் கொண்டுபோனது.

எதிர்ப்பக்கமும் உண்டு. கென்ஷின் இம்பேக்ட்டின் ஆன்டி-சீட் டிரைவரைப் பயன்படுத்தியே ஆன்டிவைரஸை முடக்கி, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பிணைத்தொகை நிரலை ஏற்றிய தாக்குதல் 2022-இல் வெளியானது. அந்த கேம் இல்லாத கணினியிலும் டிரைவரை மட்டும் கொண்டுவந்து வைத்து இதைச் செய்ய முடிந்தது. ஆகவே விண்டோஸில் ஆபத்தான டிரைவர்களைத் தடுக்கும் பட்டியலையும், கணினி தொடங்கும்போதே நம்பகமற்ற நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட்டையும் அணைக்காதீர்கள். விண்டோஸ் 11-இல் வேலோரண்ட் செக்யூர் பூட்டையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பையும் கேட்கிறது, பேட்டில்ஃபீல்ட் 6-உம் செக்யூர் பூட் இல்லாமல் திறக்காது, எப்படியும் போட்டுத்தான் ஆக வேண்டும்.

கெர்னலுக்குள் நச்சு நிரல் நுழையாமல் காக்கும் மெமரி இன்டெக்ரிட்டி என்ற வசதிதான் விவாதத்துக்குரியது. கேம் வேகத்துக்காக அதை அணைக்கலாம் என்று மைக்ரோசாஃப்டே 2022-இல் எழுதியது, ஆட்டம் முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னது. யார் திரும்பப் போடுவார்கள்? இன்டெல் 7-ஆம் தலைமுறைக்கும் ஏஎம்டி ஜென் 2-க்கும் முந்தைய சிப் என்றால் இழப்பு கூடுதல், அதற்கான வன்பொருள் உதவி அவற்றில் இல்லை. புதிய சிப் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

எட்டாம் படி: காசு

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் மட்டும் பயன்படுத்தும், முறையான கடைகளிலிருந்து கேம் வாங்கும் விண்டோஸ் 11 கணினிக்கு டிஃபெண்டர் போதும். சந்தேகம் வரும் நாளில் மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பால் ஒரு முறை தேடிப் பார்க்கலாம், அதன் 14 நாள் சோதனை முடிந்ததும் நீங்கள் அழைத்தால் மட்டும் அது வரும். பணம் கொடுப்பது நியாயம் என்று எனக்குத் தோன்றுவது, பிள்ளைகள் மோட் மோட்டாக இறக்கும் வீட்டில், நாலைந்து கணினியும் கைப்பேசியும் இருந்து எல்லாவற்றையும் ஒருவரே கவனிக்க வேண்டியிருந்தால். அங்கேயும் அறிவிப்பு குறைவாகக் காட்டுவதை, தப்பாகப் பிடிப்பது குறைவாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

விளம்பரத்தில் இருப்பது முதல் வருட விலை. இரண்டாம் வருட விலையைச் சின்ன எழுத்தில் தேடுங்கள், சில சமயம் இரு மடங்கு இருக்கும். அமெரிக்க டாலரில் காட்டும் விலையை வெள்ளிக்கு மாற்றி, 9% பொருள் சேவை வரி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கும் 2020 முதல் அந்த வரி உண்டு. வாங்கிய அன்றே சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுவதை நிறுத்துங்கள், நாளைக்குச் செய்யலாம் என்றால் அடுத்த வருடம் அட்டைக் கணக்கில்தான் பார்ப்பீர்கள்.

ஒன்பதாம் படி: ஏற்றிய பிறகு

கேம் கோப்புறைகளை, ஆன்டிவைரஸ் சோதிக்காமல் விடும் விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். முழு டி டிரைவையே சேர்த்துவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், கதவைக் கழற்றி வைப்பது மாதிரி அது. உண்மையில் திணறும் ஒரே ஒரு கேமின் கோப்புறையை மட்டும், அதிலும் மோட் போடாத கேமாக இருந்தால் மட்டும் சேருங்கள். டவுன்லோட்ஸ் கோப்புறையை ஒருநாளும் சேர்க்காதீர்கள்.

டிஃபெண்டரில் பிணைத்தொகை நிரலைத் தடுக்கும் கோப்புறைக் கட்டுப்பாடு என்று ஒரு வசதி இருக்கிறது. நல்ல வசதிதான், ஆனால் அதற்கு அறிமுகமில்லாத நிரல்களை டாக்குமென்ட்ஸ் கோப்புறைக்குள் எழுத விடாது, பல கேம்கள் சேமிப்பது அங்கேதான். மூன்று மணி நேரம் ஆடியது சேமிக்கப்படாமல் போனால் பையன் முதலில் அணைப்பது எதை என்று உங்களுக்கே தெரியும். போட்டீர்கள் என்றால் ஒவ்வொரு கேமையும் அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிட்டுத்தான் ஆடத் தொடங்க வேண்டும். ஸ்கேன் நேரத்தை டாஸ்க் ஷெட்யூலரில் மாற்றலாம், பள்ளி நேரத்துக்கோ கணினி சும்மா இருக்கும் வேறு நேரத்துக்கோ வையுங்கள்.

பிள்ளைகளின் கணக்கை நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்காக மாற்றுங்கள். ஆன்டிவைரஸை அணைக்க உங்கள் பாஸ்வேர்டு வேண்டும் என்றாகிவிடும். அக்கா வீட்டில் நான் முதலில் செய்த மாற்றம் இதுதான், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், மூன்றாம் நாள் சரியாகிவிட்டான்.

பத்தாம் படி: மீறி ஓட்டிவிட்டால்

முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். பாஸ்வேர்டை அந்தக் கணினியில் மாற்றாதீர்கள், புதியதும் களவு போகும். கைப்பேசியில் அல்லது வேறு கணினியில் முதலில் மின்னஞ்சல், பிறகு கேம் கணக்குகள், வங்கி என்ற வரிசையில் மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியை அழுத்துங்கள், திருடப்பட்ட குக்கி அப்போதுதான் செல்லாக்காசாகும். ஸ்டீமில் நீங்கள் உருவாக்காத ஏபிஐ சாவி, அதாவது வெளி நிரல்களை உங்கள் கணக்கோடு இணைக்கும் குறியீடு, ஏதாவது இருந்தால் ரத்து செய்யுங்கள், பொருள்களைக் களவாட அதைப் பயன்படுத்துவது பழைய தந்திரம். அதன் பிறகு, விண்டோஸ் திறக்கும் முன்பே சோதிக்கும் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன், மனம் ஒப்பவில்லை என்றால் வேறு கணினியில் தயார் செய்த யூஎஸ்பியிலிருந்து விண்டோஸையே புதிதாக நிறுவுவது. பணம் போயிருந்தால் வங்கியின் அவசர எண்ணுக்கு உடனே அழையுங்கள், பிறகு காவல்துறைப் புகார். மோசடியா இல்லையா என்று குழப்பமாக இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்ட் உதவி எண்ணில் கேட்கலாம்.

அக்கா மகனுக்குக் கணக்கு பத்து நாளில் திரும்பக் கிடைத்தது. அதிலிருந்த பொருள்களில் பாதி இல்லை. அந்த நண்பனிடமும் இந்தப் படிகளைச் சொல்லச் சொன்னேன். "சொன்னேன் மாமா, அவனும் ஆஃப் பண்ணித்தான் வச்சிருந்தானாம்" என்றான்.